கந்தகத்தை உண்ணும் அணுஜீவிகள்: கலத்திலும் வயலிலும்

தாம்பரம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே, வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது சேலையூர். ஒரு காலத்தில் ஏரியை நம்பியிருந்த இக்கிராமம், இப்பொழுது வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதியாகி, 2021-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிவிட்டது. ஏரி எஞ்சியிருக்கின்றது. கழிவுநீர் தங்கிய ஏரியின் கரைச் சேற்றை மண்வெட்டியால் புரட்டினால், அழுகிய முட்டையின் நாற்றம் எழும், சேறும் கருத்திருக்கும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் ஒருவகை அணுஜீவிகள், நீரிலுள்ள கந்தக உப்புகளை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாற்றுவதே இந்நாற்றத்திற்குக் காரணம். அதே சேறு கரையில் கிடந்து காற்றுப்பட்டு உலர்ந்தால் நாற்றம் மறைகின்றது. அப்பொழுது வேறு வகை அணுஜீவிகள் தலையெடுத்து, கந்தகத்தைப் பிராணவாயுவுடன் சேர்த்துத் திராவகமாக்குகின்றன. இவ்விரண்டாம் வகையைப் பற்றியதே இக்கட்டுரை.

இவற்றை அறிந்துகொள்வதில் சேலையூர்ப் பக்கத்தாருக்குத் தனியான அக்கறை உண்டு. ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் குரோம்பேட்டை, நாகல்கேணி, பல்லாவரம் ஆகிய இடங்களில் தோல் பதனிடும் சாலைகள் நெடுங்காலமாக நடந்துவந்துள்ளன. குரோம்பேட்டை என்னும் பெயரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையினால் வந்ததாகும். இச்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும்போது அடியில் தங்கும் கசட்டில் குரோமியம் என்னும் உலோகம் மிகுந்திருக்கின்றது. கந்தகத்தை உண்ணும் அணுஜீவிகளைக் கொண்டு அவ்வுலோகத்தைக் கழுவியெடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் காட்டியுள்ளனர். அவ்விதம் கழுவிய கசட்டை வயலில் இடலாமா, இதே அணுஜீவிகள் விவசாயிக்கு வேறு வகையில் உதவுமா என்பவை ஆராயத்தக்க கேள்விகள்.

கந்தகத்தை எரிக்கும் உயிர்

பயிருக்குக் கந்தகம் தேவையென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கடையில் விற்கும் மஞ்சள் தூளைப் பயிரின் வேர் நேரே உண்ண இயலாது. அது நீரில் கரையாத பொருள். கரையாததை வேர் உறிஞ்சாது. தூள் கந்தகம் முதலில் பிராணவாயுவுடன் கூடிக் கந்தகத் திராவகமாகி, பின் மண்ணிலுள்ள சுண்ணாம்பு முதலியவற்றோடு சேர்ந்து சல்பேட்டு உப்பாக மாறினால்தான் வேருக்கு எட்டும். நெருப்பு இல்லாமல், மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே இவ்வேலையைச் செய்து முடிப்பவை அணுஜீவிகளே.

கந்தகத்தையும் அதன் சேர்மங்களையும் பிராணவாயுவுடன் கூட்டி, அதில் பிறக்கும் சக்தியைக் கொண்டே சில பாக்டீரியாக்கள் உயிர் வாழ்கின்றன என்பதை ருஷிய விஞ்ஞானி வினோகிராத்ஸ்கி 1887-ல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் நியூஜெர்ஸி விவசாயப் பரிசோதனை நிலையத்தைச் சார்ந்த லிப்மன், கந்தகத் தூளையும் பாறைப் பாஸ்பேட்டையும் மண்ணுடன் கலந்து மக்கவைத்தால், பிறக்கும் திராவகம் பாஸ்பேட்டைக் கரைத்துப் பயிருக்கு ஏற்றதாக்கும் என்பதை 1916-ல் வெளியிட்டார். அந்நிலையத்திலேயே வாக்ஸ்மன், ஜோபே என்னும் இருவர் அவ்வகைக் கலவையிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்து, 1922-ல் தயோபாசில்லஸ் தயோஆக்ஸிடன்ஸ் என்று பெயரிட்டனர். 2000-ஆம் ஆண்டு முதல் அது அசிடிதயோபாசில்லஸ் என்னும் புதிய பேரினப் பெயரால் வழங்குகின்றது. பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்திற்காக 1952-ல் நோபல் பரிசு பெற்ற வாக்ஸ்மன்தான் இவர். ஆக, இவ்வுயிர் உலகுக்கு அறிமுகமானது ஓர் எருக்குவியலின் ஆராய்ச்சியிலேயே.

இதன் இயல்புகள் விசித்திரமானவை. சர்க்கரையோ மாவோ இதற்கு வேண்டியதில்லை. பச்சிலை சூரிய ஒளியைக் கொண்டு கரியமில வாயுவை உடலாக்கிக்கொள்வதுபோல, இது கந்தகத்தை எரித்த சக்தியைக் கொண்டு அவ்வாயுவை உடலாக்கிக்கொள்கின்றது. மற்ற உயிர்கள் மடியும் கடும் புளிப்பில் இது செழிக்கின்றது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். எண்ணில் 7 நடுநிலை. எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகின்றது. எலுமிச்சம் பழச்சாறு ஏறத்தாழ 2 என்ற அளவில் உள்ளது. இந்த பாக்டீரியாவுக்கு உகந்ததும் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட அளவே. 1-க்குக் கீழேயும் அது உயிரோடிருக்கும். 28 முதல் 30 டிகிரி வரையுள்ள வெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது.

ஒரு கிலோ கந்தகத்தின் கணக்கு

அணுஜீவிகளின் வேலையாயினும் இரசாயனக் கணக்கு மாறுவதில்லை. ஒரு கிலோ கந்தகம் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ கந்தகத் திராவகம் கிடைக்கும். அதற்கு ஒன்றரைக் கிலோ பிராணவாயு செலவாகும். அத்திராவகத்தை முறிப்பதற்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அவ்விதம் முறிந்தால் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ ஜிப்சம் உண்டாகும். களர் நிலத்தைத் திருத்துவதில், சுண்ணாம்புள்ள மண்ணில் இடப்பட்ட ஒரு டன் கந்தகம் ஐந்தரை டன் ஜிப்சத்திற்கு ஈடாகும் என்று சொல்லப்படுவது இக்கணக்கினாலேயே.

ஆனால் இக்கணக்கு நிறைவேறுவதற்கு நான்கு காரியங்கள் கூடிவர வேண்டும்: காற்று, ஈரம், மேற்பரப்பு, காலம். இவற்றுள் மேற்பரப்பு என்பது சற்று விளக்கத்தக்கது. கந்தகம் நீரில் கரையாததால், பாக்டீரியா அதனைத் தேடிச் சென்று துகளின்மேல் ஒட்டிக்கொண்டே உண்ண வேண்டியிருக்கிறது. துகளின் உள்ளே இருப்பது அதற்கு எட்டாது. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள துகள்களை அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ளவையாக அரைத்தால், அதே எடையின் மேற்பரப்பு பத்து மடங்காகின்றது. உண்ணும் வேகமும் அதற்கேற்பக் கூடும். கட்டியாகக் கிடக்கும் கந்தகம் ஓராண்டு கடந்தும் மண்ணில் அப்படியே இருப்பதற்கு இதுவே காரணம்.

கலம் எதற்கு?

மண்ணில் இந்நான்கும் மழையையும் வெயிலையும் பொறுத்தவை. அவற்றை மனிதன் தன் கைக்குள் வைத்துக்கொள்வதற்காக ஏற்பட்டதே வினைக்கலம். அது உயர்ந்த உருளை வடிவத் தொட்டி. அடியில் காற்று ஊதும் குழாய்களும், நடுவில் துகள்கள் படியாதபடி கலக்கும் துடுப்பும், சூட்டையும் பி.எச். அளவையும் காட்டும் கருவிகளும் அதில் இருக்கும். நீரில் சிறிது அம்மோனியா உப்பும் பாஸ்பேட்டும் சேர்த்து, நன்றாக அரைத்த கந்தகத்தைத் தூவி, முன்பே வளர்த்த பாக்டீரியாவை, பாலுக்குப் பிரை ஊற்றுவதுபோல, நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் ஊற்றிக் காற்றை ஊதினால் வேலை தொடங்கும்.

முதல் சில நாட்களில் பி.எச். மெல்ல இறங்கும். துகள்களைப் பாக்டீரியாக்கள் பற்றிக்கொண்டபின் இறக்கம் விரைவாகும். கலக்கும் துடுப்பு மிக வேகமாகச் சுழன்றால் துகள்களில் ஒட்டிய பாக்டீரியாக்கள் உதிர்ந்துவிடும். மிக மெதுவாகச் சுழன்றால் கந்தகம் அடியில் தங்கிக் காற்றுப் பெறாது. கந்தகம் எரிவதால் சூடு பிறக்கின்றது. பெரிய கலங்களில் அச்சூட்டை நீக்கக் குளிர்நீர்க் குழாய் வேண்டும்.

கலத்தைக் கட்டும் பொருளிலும் எச்சரிக்கை தேவை. மேற்பூச்சு இல்லாத சிமென்டுத் தொட்டி இதற்கு உதவாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சிமென்டுச் சாக்கடைக் குழாய்கள் அரித்துப்போவதை ஆராய்ந்த பார்க்கர் என்பவர், இவ்வகைப் பாக்டீரியா உண்டாக்கும் திராவகமே அதற்குக் காரணம் என்று 1945-ல் வெளியிட்டார். சாக்கடையில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் மேற்புறத்து ஈரத்தில் கரைந்து, பாக்டீரியாக்களுக்கு இரையாகி, திராவகமாகிச் சுண்ணாம்பை அரிக்கின்றது. ஊரின் கழிவுநீர்க் குழாயைத் தின்பதும், கலத்தில் உலோகத்தைக் கரைப்பதும் ஒரே இனத்து உயிர்களே.

தோற்கசட்டைக் கழுவும் முறை

குரோம் முறையில் தோல் பதனிடும்போது, இடப்படும் குரோமிய உப்பு முழுவதையும் தோல் ஏற்பதில்லை; ஒரு பகுதி நீரோடு வெளியேறுகின்றது. சுத்திகரிப்பு நிலையத்தில் அது ஹைட்ராக்சைடாகக் கசட்டில் படிகின்றது. இக்கசட்டைச் சேமிப்பதே பெரும் சங்கடம். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ராணிப்பேட்டை சிப்காட் பகுதியிலுள்ள ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர்.

விவசாயத்துக்கு நேர்ந்த நஷ்டமும் சிறிதன்று. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முற்றிலுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதென்னும் விவசாயப் பல்கலைக்கழகத்தின் கணிப்பு எடுத்துக் கூறப்பட்டுள்ளது. பல்லாவரம், குரோம்பேட்டை ஆகியவை அடங்கியிருந்த அக்காலத்துச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவ்வழக்கிற்கு உட்பட்டதே.

கசட்டிலுள்ள குரோமியம் நடுநிலை நீரில் கரைவதில்லை. பி.எச். 2-ஐ நெருங்கும்வரை புளிப்பேறினால் அது கரைந்து நீரோடு வந்துவிடும். திராவகத்தை விலைக்கு வாங்கி ஊற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் அதற்குப் பெருமளவு திராவகம் வேண்டும், அதை ஏற்றி இறக்குவதும் அபாயம். ஆகவே கசட்டுக் குழம்பிலேயே கந்தகத் தூளை இட்டு, பாக்டீரியாக்களைக் கொண்டு திராவகத்தை அங்கேயே உண்டாக்கும் முறை வகுக்கப்பட்டது. சீனா முதலிய நாடுகளின் ஆய்வகங்களில், தோற்கசட்டிலேயே இயல்பாக இருந்த தயோஆக்ஸிடன்ஸ் பாக்டீரியாவை வளர்த்து, சில நாட்களில் குரோமியத்தின் பெரும்பகுதியைக் கரைத்திருக்கின்றனர். நகரச் சாக்கடைக் கசட்டிலிருந்து துத்தநாகம், செம்பு முதலிய உலோகங்களை இவ்விதம் பிரித்தெடுப்பதில் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் விரிவான ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. பெரும்பாலும் இவை ஆய்வகங்களிலும் முன்னோட்டக் கலங்களிலும் நடந்தவை.

கசட்டில் வேலை இரு கட்டமாக நடக்கின்றது. புதிய கசடு நடுநிலையிலோ சிறிது காரமாகவோ இருப்பதால், கடும் புளிப்பை விரும்பும் தயோஆக்ஸிடன்ஸ் உடனே தலையெடுக்காது. நடுநிலையில் வாழும் அதன் உறவினங்கள் முதலில் பி.எச். அளவை 4 அல்லது 5 வரை இறக்கிவிடுகின்றன. பின்னர் அவை ஓய, தயோஆக்ஸிடன்ஸ் வேலையை ஏற்று 2 வரையிலும் அதற்குக் கீழும் கொண்டுசெல்கின்றது. முடிந்த குழம்பிலிருந்து சிறிதளவு எடுத்து அடுத்த தொகுதிக்குப் பிரையாக இட்டால், முதற் கட்டம் வெகுவாகச் சுருங்கும்.

ஒரு கன மீட்டர் குழம்புக்கு ஐந்து கிலோ கந்தகம் இடுவதாகக் கொண்டால், பதினைந்து கிலோ திராவகம் உண்டாகும். அதற்கு ஏழரைக் கிலோ பிராணவாயு செலவாகும். இவ்வளவு பிராணவாயு ஏறத்தாழ 27 கன மீட்டர் காற்றில் உள்ளது. ஆனால் ஊதும் காற்றில் ஒரு சிறு பங்கே நீரில் கரைவதால், அதைப்போல் பல மடங்கு ஊத வேண்டும். இம்முறையில் மின்சாரச் செலவின் பெரும்பகுதி காற்றுக்கே போகின்றது.

புளிப்பேறிய பின், பிழிந்து கசட்டையும் நீரையும் பிரிக்க வேண்டும். குரோமியம் கரைந்த நீரில் காரம் சேர்த்து பி.எச். அளவை 8 வரை உயர்த்தினால் குரோமியம் படிந்துவிடும். அதைத் திரும்பத் திராவகத்தில் கரைத்துத் தோல் பதனிடவே பயன்படுத்தலாம். காரத்திற்குச் சுண்ணாம்பு இட்டால் ஜிப்சமும் உடன் படிந்து கலப்படமாகும். மக்னீசியம் ஆக்சைடு இட்டாலோ, உண்டாகும் மக்னீசியம் சல்பேட்டு நீரிலேயே கரைந்து நிற்க, குரோமியம் மட்டும் தனியே படியும்.

இங்கு உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் உண்டு. தோலின் மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு இடப்படுவதால், கசட்டிலும் சல்பைடு இருக்கக்கூடும். அது புளிப்புப் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடாகப் பொங்கும். அவ்வாயு மிகுந்தால் மூக்கு நாற்றத்தையும் உணராமற் போய்விடும். சில மூச்சுகளில் மனிதன் சாய்வான். ஆகையால் சல்பைடு முழுவதும் காற்றால் எரிந்த பின்னரே புளிப்பேற்றத் தொடங்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது.

கழுவிய கசடு எருவாகுமா?

விவசாயி கேட்க வேண்டிய கேள்வி இதுவே. கழுவிய கசட்டை எருவாக இலவசமாகத் தருவதாக யாரேனும் சொன்னால், அதை ஏற்பதற்குமுன் கீழ்க்கண்ட கணக்கைப் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் கம்போஸ்டு எருவின் ஒரு கிலோவில் 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது. உலர்ந்த தோற்கசட்டின் ஒரு கிலோவில் பதினாயிரம் மில்லிகிராமுக்கு மேலும் குரோமியம் இருப்பதுண்டு. உதாரணமாக 20,000 மில்லிகிராம் உள்ள கசட்டை எடுத்துக்கொள்வோர், கலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை நீக்கினாலும் 1,000 மில்லிகிராம் எஞ்சும். அது அனுமதித்த அளவைப்போல் இருபது மடங்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கினாலும் 200 மில்லிகிராம் எஞ்சும். அதுவும் நான்கு மடங்கே. ஆகவே கலத்தில் கழுவுவது குரோமியத்தை மீட்கவும், கசட்டின் அபாயத்தைக் குறைக்கவும் உதவுமேயன்றி, தோற்கசட்டை எருவாக்கிவிடாது. ஆய்வகத்தில் அளந்து 50-க்குள் என்று சீட்டுப் பெறாத கசட்டை வயலில் இடுதல் தகாது.

கசட்டிலுள்ள குரோமியம் பெரும்பாலும் மூவிணைத்திறன் கொண்டது. அது ஓரளவு சாதுவானதென்பது உண்மையே. ஆயினும் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடுகள் இருந்தால், அதில் ஒரு பகுதி அறுவிணைத்திறன் கொண்ட குரோமியமாக மாறக்கூடும். அது நீரில் எளிதில் கரைந்து கிணற்றை அடையும் நஞ்சு.

இரண்டாவது அபாயம் கண்ணுக்குப் புலப்படாதது. கலத்தில் இட்ட கந்தகம் முழுவதும் எரியாமல் ஒரு பகுதி கசட்டோடு எஞ்சுவது வழக்கம். அக்கசட்டைச் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கி நிலத்தில் பரப்பினாலும், எஞ்சிய கந்தகத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் மெல்ல உண்டு, மாதங்கள் கழித்து மீண்டும் புளிப்பை உண்டாக்கும். அப்பொழுது மீதியிருக்கும் உலோகமும் கரைந்து வேருக்கு வரும். இதைத் தடுக்க, தூளுக்குப் பதிலாக, திரும்ப எடுக்கக்கூடிய குச்சிகளாகவோ உருண்டைகளாகவோ கந்தகத்தைக் கலத்தில் தொங்கவிடும் முறையும் பரீட்சிக்கப்பட்டுள்ளது. கலத்தில் வேலை முடிந்ததென்று சொல்ல, பி.எச். இறங்கியது போதாது, எஞ்சிய கந்தகம் எவ்வளவு என்பதும் அளக்கப்பட வேண்டும்.

காற்றைக் குறைத்தால்

கலத்தில் காற்றைத் தாராளமாக ஊதினால் திராவகம் கிடைக்கும். காற்றை அளவோடு குறைத்தால் வேலை நடுவழியில் நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயுவை இலேசான கார நீரில் கரைத்து, சிறிதளவே காற்று ஊதினால், பாக்டீரியாக்கள் அதைத் திராவகம் வரை கொண்டுசெல்லாமல் கந்தகத் துகளாகவே விட்டுவிடுகின்றன. நெதர்லாந்தில் வகுக்கப்பட்ட இம்முறை 1990-களிலிருந்து பல நாடுகளில் பரவியுள்ளது.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களில், கசட்டிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. இத்தகைய வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருப்பதால், அதை நீக்காமல் எரித்தால் இயந்திரம் அரிக்கப்படும். நீக்கும் வழிகளில் பாக்டீரியா முறையும் ஒன்று. அம்முறையில் கிடைக்கும் கந்தகம் விவசாயத்திற்கு நல்லது. சாதாரணக் கந்தகத் தூள் நீரில் நனையாமல் மிதக்கும். பாக்டீரியாக்கள் உண்டாக்கிய கந்தகமோ மிக நுண்ணியதாகவும் நீரில் நனைவதாகவும் இருப்பதால், மண்ணில் விரைவில் சல்பேட்டாக மாறுகின்றது.

வயலில் செய்யத்தக்கது

கலத்தில் கற்ற பாடங்கள் வயலுக்கும் பொருந்தும். நிலக்கடலை முதலிய எண்ணெய் வித்துகளுக்குக் கந்தகம் மிகவும் தேவை. தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. ஜிப்சத்திலுள்ள கந்தகம் ஏற்கெனவே சல்பேட்டாக இருப்பதால் உடனே பயன்படும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய் திரளவும் உதவும். தூள் கந்தகமோ அணுஜீவிகளின் கைவழியே வர வேண்டியது. ஆகையால் அதை விதைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே இட்டு, மண்ணோடு நன்கு கலக்க வேண்டும்.

அணுஜீவிகளையே உடன் சேர்த்து இடுவதும் பரீட்சிக்கப்பட்டுள்ளது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் கொரிய நாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கந்தகத்தை உண்ணும் தயோபாசில்லஸ் பாக்டீரியாவைக் களிமண் உருண்டைகளில் ஏற்றி, ரைசோபியத்துடன் சேர்த்து ஏ.எல்.ஆர். 2 என்னும் நிலக்கடலை ரகத்திற்கு இட்டனர். வேர் முடிச்சுகள் பெருகியதோடு, காய் மகசூல் நூற்றுக்கு 18 பங்கு கூடியது.

களர் நிலத்தில், மண்ணில் சுண்ணாம்புக் கற்கள் கலந்திருந்தால் மட்டுமே கந்தகம் ஜிப்சத்தின் வேலையைச் செய்யும். உண்டாகும் திராவகம் சுண்ணாம்பைக் கரைக்க, அது சோடிய உப்பை இடம்பெயர்த்து, நல்ல நீர் பாய்ச்சி வடிக்கும்போது வெளியேறச் செய்கின்றது. வடிகால் இல்லாத நிலத்தில் இட்ட கந்தகம் வீண். நீர் தேங்கிய நிலத்தில் காற்று இராது. காற்றில்லாமல் கந்தகம் எரியாது. மேலும், ஏரிச் சேற்றைப்போல் அங்கும் சல்பேட்டு ஹைட்ரஜன் சல்பைடாக மாறி நெல்லின் வேரைக் கருக்கிவிடும். ஏற்கெனவே புளிப்பான மண்ணில் கந்தகம் இடவே கூடாது. எவ்வளவு இட வேண்டும் என்பதை மண் பரிசோதனையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

எளியதொரு பரீட்சை

சேலையூர் முதலிய ஊர்களில் மாடியிலும் கொல்லையிலும் செடி வளர்ப்போரும், பள்ளி மாணவரும் இவ்விஷயத்தைக் கண்ணாற் காணலாம். சுண்ணாம்பு கலவாத தோட்டத்து மண்ணைச் சலித்து, கிலோ ஒன்றாக மூன்று பங்கிட வேண்டும். ஒரு பங்கை மட்டும் அகன்ற சட்டியில் இட்டு, புகை எழும்வரை வறுத்து ஆறவிட வேண்டும். பின் மூன்றிலும் ஐந்து கிராம் மெல்லிய கந்தகத் தூளைக் கலந்து, தனித்தனி மண் தொட்டிகளில் நிரப்ப வேண்டும். வறுத்த மண்ணையும் வறுக்காத ஒன்றையும் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக வைக்க வேண்டும். மூன்றாவதை, அடித்துளையை அடைத்து, எப்பொழுதும் நீர் நிற்கும்படி வைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மண்ணை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவைத்து, மருந்துக் கடைகளிலும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வாரங்களில், வறுக்காத ஈர மண்ணின் எண் தெளிவாக இறங்கும். வறுத்த மண்ணில் அணுஜீவிகள் மடிந்ததால் இறக்கம் மிகவும் தாமதிக்கும். நீர் நின்ற தொட்டியில் காற்றில்லாமையால் கந்தகம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஒரே மண், ஒரே கந்தகம். வேறுபாடு உயிரிலும் காற்றிலுமே உள்ளதென்பது இதனால் விளங்கும். பரீட்சை முடிந்த மண்ணில் செடி நடுவதாயின், தொட்டிக்குப் பதினைந்து கிராம் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து, சில வாரம் பொறுத்து, எண்ணை மறுபடி பார்த்து நடுதல் வேண்டும்.

கந்தகத்தை உண்ணும் அணுஜீவிகள் நல்லவையுமல்ல, தீயவையுமல்ல. கந்தகமும் காற்றும் ஈரமும் உள்ளவரை அவை வேலை செய்துகொண்டே இருக்கும். போதும் என்று நிறுத்த அவற்றுக்குத் தெரியாது. கலத்தில் காற்றுக் குழாயை மூடி அவற்றை நிறுத்தலாம். வயலில் அதற்கு வழியில்லை. ஆதலால் உலோகம் கலந்த கசட்டின் வேலை முழுவதும் கலத்திலேயே முடிய வேண்டும். வயலுக்கு வர வேண்டியது, மண் பரிசோதனை சொல்லும் அளவான தூய கந்தகமும், அதை எரிக்கப் போதிய காலமுமே. தோற்கசட்டை வண்டியில் ஏற்றி வந்து வரப்போரம் கொட்டுபவர் எவராயினும், ஆய்வகச் சீட்டைக் காட்டும்வரை அவ்வண்டியை நிலத்துக்குள் விடாதிருப்பதே விவசாயிக்கும் அவர் கிணற்றுக்கும் பாதுகாப்பாகும்.